வகுப்புக்காக டிவி ஆவணப்படங்களில் எவற்றைப் பதிவு செய்து வைக்கலாம்?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறீர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பலர் மாலையில் வேலைக்குப் போகிறவர்கள். பாடநூலைத் தாண்டி அவர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்பது உங்கள் எண்ணம். அதற்காக டிவியில் வரும் ஆவணப்படங்களில் எவற்றைப் பதிவு செய்து வைக்கலாம், அப்படிச் செய்வது சட்டப்படி சரிதானா, துறை அலமாரியில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டுகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கப் பட்டியல் கேட்பது போலத் தெரிந்தாலும், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். பட்டியலும் தருகிறேன். ஆனால் அளவுகோல் கைக்கு வந்துவிட்டால் அடுத்த ஆண்டு நீங்களே பட்டியல் போட்டுக்கொள்வீர்கள். நான் பல ஆண்டுகள் இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் கற்பித்தவன்; அங்கே ஒலி ஒளி அறையும் என் பொறுப்பில் இருந்தது. வரலாறு, சமூகவியல், ஊடகம் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். உயிரியல், இயற்பியல் படங்களைப் பற்றி உங்கள் கல்லூரியின் அந்தந்தத் துறையினரைக் கேட்பதுதான் முறை.

என் அளவுகோல் இரண்டே கேள்விகள். இந்தப் படம் ஐந்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்குமா? இந்தப் படம் தான் சொல்வதற்கு ஆதாரத்தைக் கண்ணெதிரே காட்டுகிறதா? முதல் கேள்விக்கு ‘கிடைக்காது’ என்றும் இரண்டாவதற்கு ‘காட்டுகிறது’ என்றும் பதில் வந்தால் அன்றிரவே பதிவு செய்யுங்கள். படத்தின் புகழும் பிரம்மாண்டமும் அதற்கடுத்துதான். வீட்டில் குடும்பத்தோடு பார்க்க மிக அழகாக இருக்கும் எத்தனையோ படங்கள் வகுப்பில் எடுபடுவதில்லை. எல்லாவற்றையும் கதைசொல்லியின் குரலே சொல்லி முடித்துவிடுவதால் பிள்ளைகள் கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை.

புகழ்பெற்ற படம் எப்படியும் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அமெரிக்கக் கருப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்று 14 பகுதிகள் கொண்ட ஒரு தொடர் உண்டு. முதல் ஆறு பகுதிகள் 1987-இலும் மற்ற எட்டும் 1990-இலும் அங்கே பொதுத் தொலைக்காட்சியில் வந்தன. உலகம் முழுக்கப் பாடமாக வைக்கப்பட்ட தொடர் அது. அதில் பயன்படுத்திய பழைய செய்திக் காட்சிகள், பாடல்கள், புகைப்படங்களுக்கு வாங்கிய அனுமதி குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே இருந்தது. காலம் முடிந்ததும் 1990-களின் நடுவிலிருந்து 2006 வரை அதை மறுபடி ஒளிபரப்ப முடியாமல் போயிற்று. அந்த ஆண்டுகளில் அதைப் பாடம் நடத்தியவர்கள் ஏற்கெனவே நூலகத்தில் பிரதி வைத்திருந்தவர்கள்தான். நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. ஏ. கே. செட்டியார் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து காட்சிகளைத் திரட்டி 1940-இல் காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படத்தைத் தமிழில் வெளியிட்டார். அது வெளிவந்த அந்த முழுத் தமிழ் வடிவம் இன்று நம் கையில் இல்லை. தமிழ் ஆவணப்படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இழப்புதான் முன்னால் வந்து நிற்கும்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதல் இரவுச் செய்திகளை நாள் தவறாமல் பதிவு செய்து வருகிறது. அன்று செய்தி நிறுவனங்களே தங்கள் ஒளிபரப்பைப் பத்திரப்படுத்தாத காலம். 1973-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதன்மீது வழக்குப் போட்டது. 1976-இல் வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் நூலகங்கள் செய்திகளைப் பதிவு செய்ய இடம் கொடுத்ததால் வழக்கு கைவிடப்பட்டது. ஒரு பல்கலைக்கழகம் பிடிவாதமாகச் செய்த வேலை சட்டத்தில் இடம்பிடித்த கதை இது. உங்கள் துறை அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் யாரும் பத்திரப்படுத்தாததை நாம் பத்திரப்படுத்துவோம் என்ற அந்த எண்ணம் வடசென்னைக்கு மிகவும் தேவை.

இனி நம் பகுதிக்கு வருகிறேன். அளவுகோலின் முதல் கேள்விக்கு முழுதாகப் பொருந்துவது உள்ளூர்ப் படங்கள்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் எடுத்த அரைமணி நேரச் சிறப்பு நிகழ்ச்சிகள். 2015 டிசம்பர் வெள்ளம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. ஒவ்வொன்றையும் பற்றித் தமிழ்ச் செய்திச் சேனல்களில் ஏராளமாக வந்தன. ஆராய்ச்சிக் கட்டுரை எழுத உட்காரும் ஒரு மாணவிக்கு இன்று அவற்றில் எத்தனை கைக்குக் கிடைக்கின்றன? யூடியூபில் துண்டு துண்டாகச் சில இருக்கும். தலைப்பு மாறியிருக்கும், தேதி இருக்காது, யார் எடுத்தது என்பதும் இருக்காது. இந்த வகை நிகழ்ச்சிகள் கலைப்படைப்புகளாக உயர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. முப்பது ஆண்டு கழித்து வடசென்னையின் வரலாற்றை எழுதப் போகிறவருக்கு இவைதான் மூலச் சான்று.

இவற்றை வகுப்பில் காட்டும்போது நான் தவறாமல் செய்யவைத்த ஒரு பயிற்சி உண்டு. ஒரு சிறப்புச் செய்தித் தொகுப்பை ஓடவிட்டு, திரையின் கீழே யாருக்கெல்லாம் பெயர்ப்பட்டை வருகிறது என்று எழுதச் சொல்வேன். அதிகாரிக்குப் பெயரும் பதவியும் வரும். பேராசிரியருக்கும் வரும். வலையை இழுத்துப் போட்டுவிட்டுப் பேசும் அம்மாவுக்கு ‘மீனவப் பெண்’ என்றோ ‘பகுதிவாசி’ என்றோ மட்டும் வரும். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு அதே காட்சியைப் பார்க்கச் சொல்வேன். பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும். ராயபுரத்தையோ வியாசர்பாடியையோ காட்டும்போது பின்னணியில் என்ன இசை போடுகிறார்கள், தியாகராய நகரைக் காட்டும்போது என்ன இசை என்பது அப்போதுதான் பிள்ளைகளின் காதில் விழும். தங்கள் தெருவைத் தொலைக்காட்சி எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள், அதன்பிறகு எந்த நாட்டுப் படத்தைப் பார்த்தாலும் கேள்வி கேட்பார்கள். வரலாற்று மாணவர்களுக்குச் சான்றாய்வு என்று நாம் பக்கம் பக்கமாக நடத்துவதை இந்த ஒரு மணி நேரம் செய்துவிடும்.

பெரம்பூர் பின்னி மில், 1918-இல் அங்கிருந்து எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம், 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் ஆகியவை பற்றி எந்தச் சேனலில் எது வந்தாலும் பதிவு செய்யுங்கள். தகவல் பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் இரண்டு நிமிடம் பேசியிருப்பார்; அந்தக் குரல் இனி வராது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. பிறகு பொதிகை ஆகி, 2024 முதல் டிடி தமிழ் என்று வருகிறது. அதன் பழைய நிகழ்ச்சிகள் இப்போது மறு ஒளிபரப்பாகவும் இணையத்திலும் அவ்வப்போது வருகின்றன. ‘வயலும் வாழ்வும்’ போன்றவற்றை வேளாண் நிகழ்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். பசுமைப் புரட்சிக்குப் பிந்தைய தமிழ்நாட்டைப் பாடம் நடத்த அதைவிட நேரடியான காட்சிச் சான்று குறைவு.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஆதாரத்தைக் காட்டுகிறதா என்பதற்கு, ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் இது கட்டாயம் வரும். 2000-களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியலாளர் மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய பாதையைத் தேடிப் போகும் படம் ஒன்று வந்தது. அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினரோடு சேர்ந்து மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற மரபுக்குறி கிடைத்ததைக் காட்டுவார்கள். பிறகு 2007-இல் பி.பி.சி.யில் மைக்கேல் வுட் வழங்கிய ஆறு பகுதித் தொடரான ‘தி ஸ்டோரி ஆஃப் இந்தியா’விலும் அது வந்தது. தமிழ் இணையத்தில் ‘முதல் இந்தியன்’ என்று இன்றும் சுற்றிக்கொண்டிருப்பது அந்தக் காட்சிதான்.

இதில் உறுதியானது, அந்த மரபுக்குறி ஒய் குரோமோசோமில் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் கிளம்பிய ஒரு கிளையைச் சேர்ந்தது என்பது. உறுதியில்லாதது, அதை வைத்து ஒரு ஊரையோ சாதியையோ ‘முதல் குடி’ என்று அழைப்பது. ஒய் குரோமோசோம் தகப்பன், அவர் தகப்பன் என்று ஒரே ஒரு வழியை மட்டும் சொல்லும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் வரும். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. முழு மரபணுத் தொகுதியை வைத்து இந்திய மக்களின் கலப்பைப் பற்றிய ஆய்வு 2009-இல் நேச்சர் இதழில் வந்தது. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் கிடைத்த எலும்பிலிருந்து எடுத்த பண்டைய மரபணு ஆய்வு 2019-இல் வந்தது. அதாவது படம் வந்த பிறகு துறையே வெகுதூரம் நகர்ந்துவிட்டது. அதனால் அந்தப் படம் பயனற்றுப் போய்விட்டதா? இல்லை. ஆய்வாளர் ரத்த மாதிரி எடுப்பதையும் வரைபடத்தில் கோடு போடுவதையும் அது காட்டுகிறது. எந்த இடத்தில் கண்டுபிடிப்பு முடிந்து கதை தொடங்குகிறது என்று பிள்ளைகளையே நிறுத்தச் சொல்லலாம். ஒரு ஆவணப்படம் பழசாகிப்போனால் அது பழைய அறிவுக்கு ஆவணம். அதற்காகத்தான் ஒளிபரப்பான தேதியைக் கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள் என்று எல்லோரையும் வற்புறுத்துகிறேன்.

சமூகவியலுக்கும் வரலாற்றுக்கும் ஒரே ஒரு வெளிநாட்டுத் தொடர்தான் காட்ட முடியும் என்றால் நான் தேர்வது பிரிட்டனின் ‘அப்’ தொடர். 1964-இல் வெவ்வேறு வர்க்கங்களைச் சேர்ந்த ஏழு வயதுக் குழந்தைகள் 14 பேரைப் பேட்டி எடுத்தார்கள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களிடமே திரும்பிப் போனார்கள். 2019-இல் அவர்களுக்கு 63 வயதானபோதும் போனார்கள். முதல் படத்தில் ஆய்வு உதவியாளராக இருந்து பிறகு தொடரையே இயக்கிய மைக்கேல் ஆப்டெட் 2021-இல் காலமானார். பிறந்த வீடுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறதா என்பதே அதன் கேள்வி. உங்கள் பிள்ளைகள் அந்தக் கேள்வியை உடலால் அறிந்தவர்கள். அந்த 14 பேரில் பெண்கள் நால்வர்தான் என்பதையும் சொல்லுங்கள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே முடிவில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. கொருக்குப்பேட்டைப் பள்ளி ஒன்றில் இப்படி ஒரு தொடர் தொடங்கினால் யாரை எடுப்பீர்கள், என்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொன்னால் நல்ல கட்டுரைகள் வரும்.

பார்க்கவே கற்றுக்கொடுக்கும் படம் என்றால் 1972-இல் பி.பி.சி.க்காகக் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் செய்த நான்கு அரைமணிப் பகுதிகள், ‘வேஸ் ஆஃப் சீயிங்’. ஒரே ஓவியத்தை வேறு வேறு இசையோடு காட்டி, பொருள் எப்படி மாறுகிறது என்று முதல் பகுதியிலேயே செய்து காட்டிவிடுவார். மேலே நான் சொன்ன ஒலி நிறுத்தும் பயிற்சிக்கு இதுதான் வேர். அடுத்த ஆண்டு வந்த கணிதவியலாளர் புரோனோவ்ஸ்கியின் அறிவியல் வரலாற்றுத் தொடர் ‘தி அசென்ட் ஆஃப் மேன்’ 13 பகுதிகள். எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். 11-வது பகுதியின் கடைசிப் பத்து நிமிடம் போதும். தன் உறவினர் பலர் மாண்ட ஆஷ்விட்ஸ் முகாமில், சாம்பல் கொட்டப்பட்ட குளத்துக்குள் காலணியோடு இறங்கி, தான் மட்டுமே சரி என்று அடித்துச் சொல்லும் அறிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று பேசுவார். அறிவியல் மாணவர்கள், வரலாற்று மாணவர்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டத் தக்கது. வானியலாளர் கார்ல் சேகனின் 1980 ‘காஸ்மாஸ்’ தொடரில் 10-வது பகுதியில் தமிழ்நாட்டுப் பொங்கலும் நடராசர் படிமமும் வரும். நம் ஊரை வெளியிலிருந்து ஒருவர் மரியாதையோடு பார்ப்பதற்கு நல்ல உதாரணம்.

இந்தியத் தொடர்களில் அரசியலமைப்புப் பாடத்துக்கு ‘சம்விதான்’ இருக்கிறது. ஷியாம் பெனகல் இயக்கிய பத்துப் பகுதிகள், 2014-இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சியில் வந்தது. அந்தச் சேனல் 2021-இல் மக்களவைச் சேனலோடு இணைந்து சன்சத் டிவி ஆகிவிட்டது. 1946 முதல் 1949 வரை நடந்த அரசியல் நிர்ணய சபை விவாதங்களை நடிகர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள். இதே இயக்குநர் தூர்தர்ஷனுக்காக 1988-இல் செய்த ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகள் கொண்டது. அதில் சிலப்பதிகாரமும் சோழர்களும் வருகிறார்கள். இரண்டுமே நடித்துக் காட்டியவை. ஆவணக் காட்சி அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘சம்விதான்’ காட்டும்போது அச்சில் கிடைக்கும் சபை விவாதத்தின் அந்தப் பக்கங்களையும் கையில் கொடுங்கள். சென்னை மாகாணத்திலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன், அம்மு சுவாமிநாதன், துர்காபாய் ஆகியோர் அச்சில் எத்தனை இடத்தில் பேசுகிறார்கள், திரையில் எத்தனை நொடி வருகிறார்கள் என்று ஒப்பிடச் சொல்லுங்கள்.

சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ அரைமணி நேரத்துக்குச் சற்றே மேல். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றியது. தயாரிப்பில் தமிழ்நாடு அரசுக்கும் பங்கு உண்டு. எங்கே வந்தாலும் விடாதீர்கள். ஆனந்த் பட்வர்தனின் ‘பாம்பே அவர் சிட்டி’ 1985-இல் வந்தது. மும்பைக் குடிசைகளை இடிப்பதைப் பற்றியது என்றாலும், கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அதைப் பற்றி அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. அவருடைய வேறொரு படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் மிக முக்கியமான ஆவணப்படங்களில் பெரும்பகுதி தொலைக்காட்சிக்கு வருவதே இல்லை. தமிழில் மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ 2017-இல் இணையத்தில்தான் பரவலாகப் பார்க்கப்பட்டது. இவற்றுக்கு ரிமோட்டை நம்பிப் பயனில்லை. இயக்குநருக்கே எழுதுங்கள். கல்லூரிக்கு என்றால் பெரும்பாலோர் மகிழ்ச்சியாகத் தருவார்கள், சிலர் நேரில் வந்தும் பேசுவார்கள்.

சட்டம் பற்றி. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் இந்தப் பிரிவுகளைக் கல்லூரிக்காகப் பலமுறை படிக்க நேர்ந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு இரண்டு அடுக்குகள் உண்டு. ஒளிபரப்பிய சேனலுக்கு ஓர் உரிமை, அது 25 ஆண்டு. படத்தை எடுத்தவருக்குத் தனி உரிமை, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. முதல் அடுக்கைப் பொறுத்தவரை 39-ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. உண்மையான கற்பித்தலுக்கோ ஆராய்ச்சிக்கோ மட்டும் ஒளிபரப்பைப் பதிவு செய்தால் அது உரிமை மீறல் ஆகாது. இரண்டாவது அடுக்குக்கு 52-ஆம் பிரிவு. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் பிரதி எடுக்கலாம். ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், கல்லூரியின் பணிகளோடு தொடர்புடையோர் மட்டும் பார்வையாளராக இருந்தால் படத்தைத் திரையிடவும் செய்யலாம். டெல்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ‘கற்பித்தலின் போக்கில்’ என்பதை விரிந்த பொருளில் எடுத்துக்கொண்டது. அது அச்சு நூல்களைப் பற்றிய வழக்கு. படங்களுக்கும் அதே அளவு பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. அமெரிக்காவில் 1981-இல் வகுத்த வழிகாட்டுதல்படி இப்படிப் பதிவு செய்ததை 45 நாள்தான் வைத்திருக்கலாம், முதல் பத்துப் பள்ளி நாட்களுக்குள் காட்டிவிட வேண்டும். நம் 39-ஆம் பிரிவில் அப்படி நாள் கணக்கு எதுவும் இல்லை.

செய்யக் கூடாதவையும் உண்டு. வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் முழுப் படத்தையும் போடாதீர்கள். அது எங்கெல்லாம் போகும் என்று உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. வெளியாட்கள் வரும் கல்லூரி விழாவில் திரையிட்டால் 52-ஆம் பிரிவு துணைக்கு வராது. ஓடிடி தளங்களின் பூட்டை உடைத்து இறக்குவது 65ஏ பிரிவின் பக்கம் கொண்டுபோகும். கற்பித்தலுக்காகச் செய்தால் அதற்கு விலக்கு உண்டு என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் கௌரவ விரிவுரையாளர் அந்த வாதத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டாம். துறைத் தலைவர் கையெழுத்தோடு ‘கற்பித்தலுக்காக மட்டும்’ என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். நாளை யார் கேட்டாலும் உங்களுக்கு அது பாதுகாப்பு.

கருவி விஷயத்தில் அதிகம் செலவழிக்காதீர்கள். டிடி ஃப்ரீ டிஷ் பெட்டிகளில் பலவற்றில் யு.எஸ்.பி. துளை இருக்கும். பென்டிரைவைச் செருகிப் பதிவு செய்தால் சாதாரண டி.எஸ். கோப்பாக விழும், எந்தக் கணினியிலும் ஓடும். உயர்கல்விக்கான ஸ்வயம் பிரபா சேனல்களும் அதிலேயே வருகின்றன. தனியார் டிடிஎச் பெட்டியில் பதிவாவது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். பெட்டி பழுதானாலோ சந்தா நின்றாலோ பதிவும் போய்விடும். வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி ஐந்து நிமிடம் பின்பு வரை ஓடவிடுங்கள். விளம்பரத்தையும் கீழே ஓடும் செய்திப் பட்டையையும் வெட்டாமல் மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். அன்றைய நாளைப் பற்றி அவையும் பேசும். வகுப்புக்கு வெட்டிய துண்டு தனிக் கோப்பாக இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், சேனல், நிகழ்ச்சி என்ற வரிசையில் எழுதினால் தேடுவது எளிது. இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டும் வெவ்வேறு கட்டடத்தில். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கல்லூரி என்றால் டிஷ்ஷின் திருகாணிகளையும் கேபிள் முனைகளையும் உப்புக்காற்று தின்றுவிடும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுங்கள். தமிழ் ஒலி, ஆங்கில ஒலி இரண்டும் கிடைக்கும் சேனலானால் இரண்டையும் பதிவு செய்யுங்கள். மூலத்தில் ‘இருக்கலாம்’ என்று சொன்னது தமிழ்க் குரலில் ‘இருக்கிறது’ என்று ஆகிவிடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

வகுப்பில் ஒரு மணி நேரப் படத்தை முழுதாக ஓடவிடாதீர்கள். மதிய வகுப்பு, மின்விசிறி, இருட்டு. முந்தின நாள் இரவு வேலைக்குப் போய்வந்த பிள்ளை தூங்கிவிடும், அதில் அதன் குற்றம் எதுவும் இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் காட்டுங்கள். காட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். முடிந்ததும் பேசவிட்டு, பிறகு அதே துண்டை இரண்டாம் முறை காட்டுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் படிப்பு நடக்கிறது என்பது என் அனுபவம். இதற்கு ஆய்வு முடிவு எதையும் நான் காட்டப்போவதில்லை. நீங்களே செய்து பாருங்கள்.

கடைசியாக அந்தக் கேசட்டுகள். தயவுசெய்து எறியாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் ‘கண்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ நடத்திவந்தது; அந்தக் காலத்துப் பதிவுகள் பல கல்லூரிகளில் இப்படித்தான் அலமாரிகளில் கிடக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் எக்காரணம் கொண்டும் பிளேயரில் போடாதீர்கள். அது பிளேயரின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனிப் பையில் பிரித்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லாதவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கணினிக்கு மாற்றும்போது ஏற்கெனவே யூடியூபில் கிடைக்கும் படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் தலைப்பு எழுதிய கேசட்டுகளிலிருந்து தொடங்குங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் தலைப்புகளைப் படம் எடுத்து இங்கேயே போட்டால், எதை முதலில் மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.